ஒன்பது பக்கம், ஒரு சிப்பாய்

சதுரங்கப் புத்தகத்தின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்ததும் வில்லாஸ் ராம்ஸ்கோவின் காது சிவந்தது. அவனுக்குக் கோபம் வந்தால் முதலில் காதில்தான் தெரியும். படகில் அவனோடு வேலை பார்க்கிறவர்கள் காதைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சுக் கொடுப்பார்கள். இருநூற்றுப் பன்னிரண்டில் தொடங்கி இருநூற்று இருபது வரைக்கும், முழுசாக ஒன்பது பக்கம், ஒரு நகர்வு விடாமல் அவன் கண்டுபிடித்து எழுதியது. தலைப்பு மட்டும் புதிது. 'ஹால்கியர் தாக்குதல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வில்லாஸின் பெயர் அடிக்குறிப்பில்கூட இல்லை. கடைசிப் பக்கத்து நன்றிப் பட்டியலில் புத்தகத்தை எழுதிய வக்கீல் பிரேபென் ஹால்கியருடைய பல் வைத்தியர் பெயர் இருந்தது; இவன் பெயர் இல்லை.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் நெய்க்குச் சொந்தக்காரனுக்கே ஒரு பிரதி அனுப்பி, 'தங்கள் ஓய்வு நேர மகிழ்ச்சிக்கு' என்று கையெழுத்தும் போட்டு அனுப்புகிற துணிச்சல் ஒரு கோபன்ஹேகன்காரனுக்குத்தான் வரும்.

டென்மார்க்கில் நியூபோருக்கும் கோர்சோருக்கும் நடுவே, ரயிலையே வயிற்றில் போட்டுக்கொண்டு கடல் தாண்டுகிற படகில் வில்லாஸ் டிக்கெட் பரிசோதகர். அக்கரை சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். டிக்கெட் பார்த்து, குடித்தவர்களைப் பிடித்து அவரவர் பெட்டியில் உட்காரவைத்து, ஒரு காபி குடித்தது போக, முப்பத்தைந்து நிமிடம் மிஞ்சும். பன்னிரண்டு வருடமாக அந்த முப்பத்தைந்து நிமிடங்களை அவன் ஒரே ஒரு கேள்விக்குக் கொடுத்திருந்தான். வெள்ளைக் காயில் ஆடுகிறவன் பதினான்காவது நகர்வில் ஒரு குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுத்தால், கறுப்பு ராஜா பிழைக்குமா? பிழைக்காது என்பது அவன் முடிவு. மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கிற பலகை அவனுடையது. மெல்லிய தகட்டுக் காய்களைக் கீறலுக்குள் செருகி வைக்க வேண்டும். அந்தப் பலகையில்தான் ஒன்பது பக்கமும் பிறந்தது.

முப்பத்தொன்றாவது வயதில் மாஸ்டர் பட்டம் வாங்கியவன் அவன். நியூபோர் இருக்கிற ஃபூன் தீவின் சாம்பியன்ஷிப்பை ஆறு தடவை ஜெயித்திருக்கிறான். நாட்டுப் போட்டிக்கு இரண்டு முறை மட்டும் போய் இரண்டு முறையும் கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தான், அதைப் பற்றி அவனுக்கு வருத்தமும் இல்லை. பலகை முன்னால் உட்கார்ந்து ஐந்து மணி நேரம் எதிராளியின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குப் பிடித்த வேலை அல்ல. ஆட்டத்தின் முதல் இருபது நகர்வுகள்தான் அவன் ராஜ்ஜியம். ஃபூனில் யாருக்காவது பெரிய ஆட்டம் வந்தால், முந்தின நாள் அவன் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். வந்தவர்கள் அவனுடைய நகர்வுகளை ஆடி ஜெயித்துவிட்டு, தங்கள் பெயரைப் பேப்பரில் பார்த்துக்கொள்வார்கள். அதெல்லாம் அவன் தானாகக் கொடுத்தது, அதில் வயிற்றெரிச்சல் கிடையாது.

இது கொடுத்தது அல்ல. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் மனைவி போடில் அந்த ஆராய்ச்சியை ஸ்டென்சிலில் டைப் அடித்தாள். ரப்பர் முத்திரைகளால் காய்களை ஒவ்வொன்றாகக் குத்திப் பலகைப் படங்கள் போட்டாள். சர்ச் அலுவலகத்து சைக்ளோஸ்டைல் யந்திரத்தில் நாற்பது பிரதி சுற்றி எடுத்தார்கள். அதில் ஒன்று சதுரங்கப் பத்திரிகைக்குப் போனது. பத்திரிகைக்கு ஆசிரியர் ஹால்கியர். பிரதி ஒரு மாதத்தில் திரும்பி வந்தது, கூட ஒரு தபால் அட்டை: 'நன்றி. புதிதாக ஏதும் இல்லை.'

புதிதாக ஏதும் இல்லையாம். இப்போது அந்த ஏதும் இல்லாததை வைத்துக்கொண்டு ஹால்கியர் இந்தக் குளிர்காலத்தில் மட்டும் மூன்று ஆட்டம் ஜெயித்திருந்தார், அதில் ஒன்று ஹாம்பர்க்கில்.

வில்லாஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினான். முதலில் எழுதியதை போடில் கிழித்துப் போட்டாள், அதில் இருந்த வார்த்தைகளைத் தபால்காரர் பார்த்தாலே வழக்குப் போடலாம் என்றாள். இரண்டாவது கடிதம் மரியாதையாக இருந்தது. பதிலும் மரியாதையாகவே வந்தது. நல்ல யோசனைகள் ஒரே சமயத்தில் பலருக்குத் தோன்றுவது சதுரங்க வரலாற்றில் புதிதல்ல என்றும், ஹெர் ராம்ஸ்கோவின் ஆர்வம் பாராட்டத்தக்கது என்றும் ஹால்கியர் எழுதியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை சதுரங்க மன்றத்தில் அந்தக் கடிதம் கை மாறிப் போனது. நியூபோர் மன்றம் கூடுவது மதுவிலக்கு ஹோட்டலின் பின் அறையில். அதனாலோ என்னவோ அங்கே யாருக்கும் கோபம் வருவதில்லை. தலைவர் ஐவின் பேக்கரிக்காரர். கடிதத்தைப் படித்துவிட்டு, விரலில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துக்கொண்டார்.

"விடு வில்லாஸ். நம்ம ஊர்ல கண்டுபிடிச்ச ரொட்டிக்கு எல்லாம் பேரா வைக்கிறோம்? தின்னா சரி."

"நீ சுட்ட ரொட்டியை எதிர்க்கடைக்காரன் அவன் பேர்ல வித்தா விட்டுடுவியா?"

"அப்பவும் தெருவுல நின்னு கத்த மாட்டேன். கத்தினா, இவன் யாரு பெரிய ஆளுன்னு ஜனங்க என்னையத்தான் பார்ப்பாங்க."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். அந்த நாட்டில் திருடுவதைக்கூட மன்னிப்பார்கள். இது என்னுடையது என்று ஒருவன் நெஞ்சைத் தட்டிச் சொன்னால் மன்னிக்க மாட்டார்கள். திருட்டுக் கொடுத்தவன் வாயைத் திறந்தால் அலட்டல், மூடிக்கொண்டால் நல்ல பண்பு. வில்லாஸ் காபியைப் பாதியில் வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தான்.

அவனுக்கு வேண்டியது ஓர் ஆதாரம். தபால் அட்டை ஆதாரமாகாது. புதிதாக ஏதும் இல்லை என்றுதானே அதில் இருக்கிறது. இரண்டு பேருக்கும் தனித்தனியாகத் தோன்றவே முடியாத ஒன்று அந்த ஒன்பது பக்கத்தில் இருக்க வேண்டும். அதைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேஜையிலிருந்து ஹெர்ரிங் மீன் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, பெரிய மரப்பலகையை விரித்தான். வலது பக்கம் போடில் டைப் அடித்த தன் கைப்பிரதி, இடது பக்கம் ஹால்கியர் புத்தகம். முதல் நகர்விலிருந்து ஒவ்வொன்றாக ஆடிக்கொண்டு வந்தான்.

பதினேழாவது நகர்வில் ஒரு படம். கைப்பிரதியிலும் இருந்தது, புத்தகத்திலும் இருந்தது. வில்லாஸ் பலகையைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், மறுபடியும் பலகையைப் பார்த்தான். பலகையின் ஓரத்தில், கறுப்பின் கடைசிச் சிப்பாய் ஒரு கட்டம் முன்னால் நின்றது. எட்டாவது நகர்விலேயே அதை ஒரு கட்டம் தள்ளியாயிற்று. படத்தில் அது தள்ளப்படாமல் பிறந்த இடத்திலேயே நின்றது.

கை தவறிவிட்டது என்று நினைத்து முதலிலிருந்து மறுபடி ஆடினான். பலகை சொன்னதுதான் சரி. படம் தப்பு. என்றைக்கோ ஒரு நாள் பனிக்கட்டியில் படகு முட்டியிருக்கும், அல்லது ரயில் பெட்டிகள் இடித்துக் குலுங்கியிருக்கும். தகட்டுச் சிப்பாய் கீறலிலிருந்து நழுவி மடியில் விழுந்திருக்கும். அவன் அதை எடுத்து, யோசிக்காமல், அதன் பழைய இடத்தில் செருகியிருக்கிறான். எந்த நாள் என்று அவனுக்கே தெரியாது. அதற்கப்புறம் எத்தனை வருடம் அந்தப் பொய்யான சிப்பாயை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டான் என்பதும் தெரியாது.

முதலில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. மாட்டினான் ஹால்கியர்! கோபன்ஹேகனில் தேக்கு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் பலகையிலிருந்து சிப்பாய் எப்படி நழுவும்? படத்தைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார். இதைவிட ஆதாரம் வேறு வேண்டாம்.

அப்புறம்தான் இருபதாவது நகர்வுக்கு வந்தான். ஓரச் சிப்பாய் முன்னால் போய்விட்டதால் அதன் பின்னால் ஒரு கட்டம் காலி. அந்தக் காலிக் கட்டத்துக்குக் கறுப்பு ராணி ஒதுங்கினால், அங்கிருந்து குறுக்குச் சாய்வாக, நடுவில் மறைப்பே இல்லாமல், வெள்ளை ராஜாவைப் பார்க்கிறாள். செக். வெள்ளையின் தாக்குதல் அங்கேயே முடிந்தது. கொடுத்த குதிரை கொடுத்ததுதான். மேலே சொல்ல ஒன்றுமில்லை. ஒன்பது பக்கமும், அங்கே இல்லாத ஒரு சிப்பாயின் தலையில் கட்டிய வீடு.

போடில் கை துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். அவன் விரலால் படத்தைக் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள், அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"இதைத்தான் அன்னைக்கே கேட்டேன்."

"எதை?"

"முத்திரை குத்தும்போது. எட்டாவது நகர்வுல இந்தச் சிப்பாய் தள்ளியாச்சுன்னு டைப் அடிச்சிருக்கேன், படத்துல தள்ளாம இருக்கே, எது சரின்னு கேட்டேன். நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?"

அவனுக்கு ஞாபகம் இல்லை. அதுதான் கொடுமை. அவளுக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருந்தது.

"கொடுத்ததை அப்படியே அடி போடில், யோசிக்கிற வேலை எனக்குன்னு சொன்ன. நானும் அடிச்சேன்."

வில்லாஸ், அவள் அப்போது இன்னொரு தடவை கேட்டிருக்கலாமே என்று சொன்னான். சொன்னதும் தப்பு என்று அவனுக்கே தெரிந்தது, ஆனால் சொல் வெளியே போய்விட்டது. போடில் ஹெர்ரிங் தட்டுகளை எடுத்துப் பாத்திரத் தொட்டியில் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அன்றிலிருந்து அவன் வயிற்றில் இரண்டு கோபம். ஒன்று ஹால்கியர் மேல். இன்னொன்றுக்கு அவன் முகவரி எழுதவில்லை. ஆதாரம் கையில் இருந்தது, ஆனால் அதை வெளியே காட்டினால் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை. இது என்னுடையது என்று நிரூபிக்க வேண்டுமானால் இது தப்பு என்றும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். தொடக்க ஆட்டத்தை ஆராய்கிறவனிடம் இருப்பது அவன் சொல் ஒன்றுதான். படகில் குலுங்கி விழுந்த சிப்பாயை எங்கே செருகினோம் என்று தெரியாதவனிடம் நாளைக்கு யார் வந்து கதவைத் தட்டுவார்கள்?

இதற்கு நடுவில் ஈஸ்டர் வந்தது. டென்மார்க்கின் சதுரங்கப் போட்டி ஈஸ்டர் வாரத்தில்தான் நடக்கும். ஊரெல்லாம் ஆட்டுக்கறி தின்னும்போது நாட்டின் பன்னிரண்டு நல்ல மூளைகள் ஒரு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் புகை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த வருடம் ஓபென்ரோவில். ஃபூன் சாம்பியன் என்ற முறையில் வில்லாஸுக்கு இடம் இருந்தது. சீட்டுக் குலுக்கிப் பார்த்ததில் ஐந்தாவது சுற்று, பெரிய வெள்ளிக்கிழமை, ஹால்கியருக்கு வெள்ளை, ராம்ஸ்கோவுக்குக் கறுப்பு.

கறுப்பு என்று கேட்டதும் போடில் அவன் பெட்டியை எடுத்தாள். அதில் நான்கு சட்டையும், பன்றி ஈரல் பூசிய கம்பு ரொட்டியும், கைப்பிரதி ஒன்றும் வைத்துக் கட்டினாள். கைப்பிரதியை அவன் கேட்கவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை காலையில் ஹால்கியர் வந்து கை குலுக்கினார். உயரமான மனிதர், நகங்கள் பளபளவென்று இருந்தன. சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"ஹெர் ராம்ஸ்கோ, உங்க கடிதம் எனக்கு வருத்தமா இருந்துச்சு. இன்னைக்கு நாம அந்த ஆட்டத்தையே ஆடிப் பார்த்துடலாமா? உங்களுக்குப் பயம் இல்லைன்னா."

"ஆடலாம், ஹெர் ஹால்கியர்."

ஹால்கியர் எதற்காக அப்படிச் செய்தார் என்று பிறகு பலரும் கேட்டார்கள். அது திமிர், வேறு ஒன்றுமில்லை. வில்லாஸ் விலகிப்போனால், பயந்துவிட்டான் என்று ஆகும். ஆடித் தோற்றால், தாக்குதல் யாருடையது என்று தெரிந்துபோகும். மூன்று ஆட்டம் ஜெயித்த நகர்வு வரிசை அது. அந்த மூன்று பேருமே புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள், தோற்கப்போகிறோம் என்று அச்சில் பார்த்துவிட்டு அதன்படியே தோற்றவர்கள். புத்தகத்தைப் பார்க்கிறவன் பலகையைப் பார்ப்பதில்லை.

எட்டாவது நகர்வில் வில்லாஸ் ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான். பதினான்காவதில் ஹால்கியர் குதிரையைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு எழுந்து போய், ஜன்னலோரம் நின்று யாரோடோ சிரித்துப் பேசினார். கூட்டம் அந்த மேஜையைச் சுற்றிச் சேர்ந்தது. பதினைந்து, பதினாறு, பதினேழு. ஹால்கியர் ஒரு நகர்வுக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. எடுப்பானேன், எல்லாம் வேறொருவன் பன்னிரண்டு வருடம் யோசித்து வைத்தது.

இருபதாவது நகர்வு வில்லாஸ் முறை. அவன் நாற்பது நிமிடம் யோசித்தான். யோசிக்க அதில் எதுவும் இல்லை. ராணியை ஓரத்துக்கு ஒதுக்கினால் ஆட்டம் முடிந்தது, குழந்தைக்கும் தெரியும். நாற்பது நிமிடமும் அவன் அந்த வெள்ளைத் தாக்குதலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு அழகாக இருந்தது! முதல் தடவையாக உண்மையான பலகையில், உண்மையான காய்களோடு, கூட்டத்துக்கு முன்னால், அவனுடைய தாக்குதல் நின்றது. அது எதிராளியின் கையில் இருந்தது. அதைக் கொல்கிற கத்தி இவன் கையில் இருந்தது. அவனுக்கு அழுகை வந்தது, அழுகை வந்ததே என்று கோபம் வந்தது. ராணியை எடுத்து மூலைப் பக்கம் வைத்துவிட்டுக் கடிகாரத்தை அடித்தான்.

ஹால்கியர் சிரித்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார். ராணியைப் பார்த்தார். அவள் நின்ற இடத்தைப் பார்த்தார். அந்த இடத்தில் ஒரு சிப்பாய் இருக்க வேண்டுமே என்று தேடுகிறவர் போல அவர் கண் அங்கேயே சுற்றியது. பிறகு சிப்பாய் ஒரு கட்டம் முன்னால் நிற்பதைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து இரத்தம் இறங்கியதை வில்லாஸ் தன் கண்ணாலேயே பார்த்தான், ஆயுசுக்கும் அது போதும் என்று நினைத்தான். இன்னும் ஒன்பது நகர்வு இழுத்துவிட்டு ஹால்கியர் ராஜாவைச் சாய்த்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அதோடு முடிந்திருந்தால் வில்லாஸ் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பான். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் பக்கத்து அறையில் உட்கார்ந்து, எங்கே என்ன நடந்தது என்று கூட்டத்துக்கு முன்னால் ஆடிக் காட்டுவது வழக்கம். அங்கே வந்து சேருவதற்குள் ஹால்கியருக்கு நிறம் திரும்பிவிட்டது. வக்கீல் அல்லவா. காய்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"ஹெர் ராம்ஸ்கோ நல்லா கண்டுபிடிச்சிட்டார். என்னோட ஆராய்ச்சியில ஒரு சின்ன ஓட்டை. மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும். அடுத்த பதிப்புல நானே திருத்திடறேன், அவருக்கு நன்றியும் போட்டுடறேன்."

கூட்டத்தில் சிலர் பாராட்டும் விதமாகத் தலையாட்டினார்கள். பெருந்தன்மை என்று ஒருவர் முணுமுணுத்தார்.

வில்லாஸின் காது பழுத்துவிட்டது. ஒன்பது பக்கத்தை எடுத்துக்கொண்டான், சரி. தலைப்பை எடுத்துக்கொண்டான், சரி. இப்போது தப்பையும் எடுத்துக்கொள்கிறானே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதோடு நிற்காமல், தோட்டமும் என்னுடையது என்கிறான். வில்லாஸ் பெட்டியைத் திறந்து கைப்பிரதியை எடுத்தான். மேஜையிலிருந்த புத்தகத்தை இருநூற்றுப் பதினாறாம் பக்கத்தில் பிரித்து, இரண்டையும் அருகருகே வைத்தான்.

"இந்தப் படத்துல இந்தச் சிப்பாய் எங்க இருக்கு பாருங்க. ரெண்டுலயும். எட்டாவது நகர்வுல தள்ளின சிப்பாய் பதினேழாவதுல எப்படி வீட்டுக்குத் திரும்பி வந்துச்சு?"

தலைகள் இரண்டு படத்தின் மேலும் குனிந்தன.

"என்னுது எப்படி வந்துச்சுன்னு நான் சொல்றேன். நான் படகுல வேலை செய்யறவன். பலகை குலுங்கி காய் விழுந்துச்சு, நான் தப்பா செருகிட்டேன். ஹெர் ஹால்கியர், உங்க மேஜை எந்தக் கடல்ல ஆடுது?"

ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார். ஹால்கியர் அச்சுக்கோப்பவர் தவறு என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். சர்ச் அலுவலகத்து யந்திரத்திலும் ஓர் அச்சுக்கூடத்திலும், இரண்டு வருட இடைவெளியில், ஒரே சிப்பாய் ஒரே கட்டம் பின்வாங்குமா? அவர் மேல்கோட்டை எடுத்துக்கொண்டார். இதற்கான பதிலைத் தன் வக்கீல் மூலம் எழுதுவதாகச் சொன்னார். அவரே வக்கீல்தான் என்பதை யாரோ ஞாபகப்படுத்தினார்கள். கதவு சாத்திக்கொண்டது.

செய்தித்தாள் நிருபர் தோகர் முங்க் எல்லாவற்றையும் ஒரு மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக ஈஸ்டர் போட்டியைப் பற்றி எழுதுகிற, யுட்லாண்டுக்காரரான கிழவர். வில்லாஸை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போய், ஒரு குட்டைச் சுருட்டைப் பற்றவைத்தார்.

"நாளைக்கு எழுதப்போறேன். ஒண்ணு யோசிச்சுக்கோ. அந்தத் தாக்குதல் இன்னைக்குச் செத்துப்போச்சு, கொன்னது நீ. இனிமே அதை ஆடறவன் தோப்பான், தோத்தவன் வைவான். அவன் பேர்லயே இருந்துட்டுப் போகட்டுமே. ஆயுசு பூரா அவன் பேரைச் சொல்லித் திட்டட்டும். உன் பேரை எதுக்கு அதுல ஒட்டணும்?"

நல்ல யோசனைதான். பழிக்குப் பழி, ஒரு துளி வியர்வை சிந்தாமல். வில்லாஸ் ஒரு கணம் ஆசைப்பட்டான். ஹாம்பர்க்கிலிருந்து ஆஸ்லோ வரைக்கும் தோற்கிறவன் எல்லாம் ஹால்கியர், ஹால்கியர் என்று பல்லைக் கடிப்பது காதில் கேட்டது.

"வேணாம். பொணமா இருந்தாலும் அது எங்க வீட்டுப் பொணம். என் பேரைப் போடுங்க."

"சரி, உன் இஷ்டம்."

"இன்னொண்ணு எழுதிக்குங்க. அந்தத் தப்பை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தி கண்டுபிடிச்சா. என் மனைவி, போடில் ராம்ஸ்கோ. டைப் அடிக்கும்போது கேட்டா, நான்தான் வாயை அடைச்சேன். பேரை எழுதுங்க. போ, டி, ல்."

தோகர் எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டதை வில்லாஸ் கண்ணால் பார்த்தான்.

ஒரு நாளைக்கு இரண்டாக மிச்சமிருந்த ஆறு சுற்றில் அவன் நான்கு ஆட்டம் தோற்று, வழக்கம்போல் கடைசிக்கு முந்தின இடத்தில் முடித்தான். ஈஸ்டருக்கு மறு செவ்வாய் வீட்டுக்கு வந்தபோது நடுப்பகல். போடில் சமையலறை மேஜையில் பேப்பரை விரித்து வைத்திருந்தாள். அரைப் பக்கத்துக்கு வந்திருந்தது. ஹால்கியரின் புகைப்படம் இருந்தது, இரண்டு பலகைப் படங்களையும் அருகருகே போட்டு அம்புக்குறி காட்டியிருந்தார்கள். 'ராம்ஸ்கோவின் தவறு' என்பது தலைப்பு. இனி இந்த நகர்வு வரிசை சதுரங்க உலகில் அந்தப் பெயரில்தான் அறியப்படும் என்று தோகர் எழுதியிருந்தார். படகைப் பற்றி ஒரு பத்தி, கீறலில் செருகுகிற காய்களைப் பற்றி ஒரு பத்தி, பேக்கரிக்காரர் ஐவின் தொலைபேசியில் சொன்ன, நாங்கள் அப்போதே அவனுக்குத் துணை நின்றோம் என்கிற பச்சைப் பொய் ஒன்று.

வில்லாஸ் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தான். மறுபடியும் படித்தான். போடில் என்ற பெயர் எங்கேயும் இல்லை. பக்கத்தைத் திருப்பிப் பின்னால்கூடப் பார்த்தான், அங்கே விதை உருளைக்கிழங்கு விளம்பரம் இருந்தது.

"நான் சொன்னேன் போடில். நீதான் கண்டுபிடிச்சேன்னு சொன்னேன். அந்தக் கிழவன் எழுதிக்கிட்டான், நான் பார்த்தேன். எழுதிக்கிட்டு, போடாம விட்டுட்டான். திருட்டுப்பய. இப்பவே அவனுக்குக் கடுதாசி எழுதறேன், டைப்ரைட்டரை எடு."

அவன் காது இரண்டும் சிவந்திருந்தன. இத்தனை நாளில் தன் பெயருக்காகக்கூட அவ்வளவு சிவந்ததில்லை. மேஜையைக் குத்தினான், காபிக் கோப்பை குதித்தது. எப்படி ஒரு மனுஷன் காதால் கேட்டு, கையால் எழுதி, அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி விட்டுவிட முடியும் என்று கத்தினான்.

போடில் அவன் கத்தி முடிக்கும் வரைக்கும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பத் தெரியுதா," என்றாள்.

பிறகு டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள். தாளை அவள் செருகவில்லை.